புல்லுக்கு வந்த மஞ்சள் காமாலை

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தவுடனே சிங்கத்தைத் தேடாதீர்கள். காங்கேயம் பக்கத்தில் காடு என்றால் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு நாலைந்து வெள்வேல மரங்கள். சிங்கம் வந்தாலும் படுக்க இடம் போதாமல் திரும்பிப் போய்விடும். அங்கே குடியிருந்ததெல்லாம் ஆடும் மாடும்தான். மனிதர்கள் யாரும் இல்லையா என்று கேட்காதீர்கள். அவர்களும் இருந்திருந்தால் இந்தக் கதை இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

அந்தக் காட்டை உள்வேலி போட்டு நாலு பாகமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாகத்தில் மேய்வது, புல் கட்டையானதும் அடுத்த பாகத்துக்குப் போய்விட்டு, பழையதன் வாசலில் இருக்கிற முள்தட்டியான படலைச் சாத்திவிடுவது. சாத்திய பாகத்தில் புல் மறுபடி தழைக்கும். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. படலைச் சாத்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலையை சென்னியப்பன் என்ற வெள்ளாட்டுக் கிடா பார்த்துவந்தது. தலையால் ஒரு முட்டு முட்டினால் போதும், படல் போய்ப் பொருந்திக்கொள்ளும்.

இவ்வளவு பொறுப்பான கிடாவைச் சும்மா விட்டுவைப்பது மரியாதை இல்லை என்று செம்மறிகளுக்குத் தோன்றியது. எல்லாம் கூடி சென்னியப்பனைக் காட்டுக்கே தலைவராக்கின. இனி நாமும் 'அவர்' என்றே சொல்லிவிடுவோம், வம்பு எதற்கு. தலைவரானவர் தலையால் படலை முட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? சரி, வேறு ஒருவரை அந்த வேலைக்குப் போடலாமே என்றால் அதிலும் சிக்கல். படல் சாத்துகிறவர் தலைவராகிவிடுவார் என்று நிரூபணமாகிவிட்டது. அதனால் சென்னியப்பன் யாரையும் படல் பக்கம் அண்டவே விடவில்லை. நாலு படலும் திறந்தே கிடந்தன.

எல்லோரும் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் மேய்ந்தார்கள். தளிர் எட்டிப் பார்ப்பதற்குள் நாலு வாய் இறங்கியது. கொஞ்ச நாளில் காடு நடுத்தர வயதுக்காரர் மண்டைபோல ஓரத்தில் கொஞ்சமும் நடுவில் பளபளப்புமாக ஆனது. அப்போதுதான் ஒரு செம்மறி, "புல்லுக்கு ஒடம்பு சரியில்லீங்க," என்று சொல்லிவைத்தது.

உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தபின் நம் ஊரில் யாராவது வீட்டில் இருப்பார்களா? போய்ப் பார்க்காவிட்டால் நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள்? காடே திரண்டு புல்லை நலம் விசாரிக்கப் போனது. போனவர்கள் சும்மா நின்றுவிட்டு வர முடியுமா, நாடி பார்த்தார்கள். ஆடு மாடுகளுக்குக் கை கிடையாது. நாடி பார்ப்பதென்றால் வாயால்தான்.

"சூடு இருக்குதுங்க," என்றது ஒரு செம்மறி, மென்றுகொண்டே.

"எனக்குத் தெரியலீங்களே," என்று இன்னொன்று மறுபடியும் ஒரு வாய் பார்த்தது.

சாயங்காலம் எல்லோரும் வருத்தத்தோடு வீடு திரும்பியபோது நோயாளியின் வேர் வெளியே தெரிந்தது.

நலம் விசாரித்தவர்களில் பழனாத்தாள் என்ற வெண்சாம்பல் நிற மயிலை மாடும் ஒருத்தி. சினையாக இருந்தாள். அவளும் நாலு தடவை நாடி பார்த்தாள், மறைப்பானேன். ஆனால் திரும்பி வரும்போது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. புல் இல்லாவிட்டால் மடியில் பால் இல்லை. பால் இல்லாவிட்டால் உள்ளே வளர்கிற கன்று பிழைக்காது. நேரே தலைவரிடம் போய் நின்றாள்.

"ஏனுங்ணா, பழையபடி ஒரு படலையாச்சும் சாத்தி வெய்யுங்க. கொஞ்சம் மூச்சு உட நேரங் குடுத்தா புல்லு அதும்பாட்டுக்கு வந்துரும். எனக்கு வயித்துல கன்னு இருக்குதுங்க."

சென்னியப்பன் தாடியை அசைத்தார். "அம்மிணி, எங்கிட்ட வந்து படலப் பத்திப் பேசறது என்னைக் குத்திக்காட்டற மாதிரி இருக்குது. பழசை நான் மறந்துட்டேன், நீயும் மறந்துரு. நிபுணரை வரச் சொல்லியிருக்கறேன். அவரு பாத்துக்குவாரு."

நிபுணர் ஒரு பருந்து. ககனேசன் என்று பெயர். கழுத்தில் ஒரு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மேலேயே வட்டமடித்தார். கீழே இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டதற்கு, தரையில் கால் வைத்தால் பார்வை குறுகிவிடும் என்று மறுத்துவிட்டார். புல்லை அவர் வாழ்நாளில் தொட்டதே கிடையாது. அதனால் அவர் கருத்து நடுநிலையானது என்று செம்மறிகள் பேசிக்கொண்டன.

"புல்லின் இந்நிலைக்குக் காரணம் மேய்ச்சல்," என்று மேலிருந்து அறிவித்தார் ககனேசன்.

"அப்ப மேயாம இருந்தா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"குணமாகும்."

"நாங்க என்னத்தத் திங்கறதுங்க?" இது பழனாத்தாள்.

"என்னைப் புல்லைப் பார்க்கத்தான் அழைத்தார்கள். உங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை," என்றார் ககனேசன். அதுவும் நியாயம்தான், கேட்டிருக்க வேண்டும்.

மறுநாளே நாலு பாகத்துக்கும் சாத்து விழா நடந்தது. திறப்பு விழா தெரியும், இது அதற்கு நேர்மாறு. தலைவர் தூரத்தில் நின்று தலையசைக்க, செம்மறிகள் ஒன்றாக முட்டி நாலு படலையும் அடைத்தன. பழனாத்தாள் கேட்டது ஒரு படல், கிடைத்தது நாலு. ஆடுமாடுகள் அத்தனையும் கிளுவை வேலிக்கு உள்ளே ஓரமாக இருந்த வண்டித்தடத்துக்குக் குடிமாறின. அங்கே இருந்தது ஒரே ஒரு சீமைக்கருவேல மரம். அதன் முற்றிக் காய்ந்த காயான நெற்று இனிப்பு. வேறு வழியில்லாமல் தின்ன ஆரம்பித்து, பிறகு வேறு வழி இருந்தாலும் வேண்டாம் என்கிற நிலைக்கு வந்தார்கள். பழனாத்தாளுக்கு மட்டும் அது வயிற்றில் இறங்கியதே தவிர மடிக்குப் போய்ச் சேரவில்லை.

புல் படுத்த படுக்கையாக இருக்கும்போது போய்ப் பார்க்காமல் இருப்பது செம்மறிகளுக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது. தலைவர் இரக்கப்பட்டுப் பார்வை நேரம் ஒதுக்கினார். வாயில் வாய்க்கூடு கட்டிக்கொண்டு உள்ளே போகலாம், சுற்றி வரலாம், பெருமூச்சு விடலாம். இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. வாயைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு மறுமுனை நினைவுக்கு வரவில்லை. நெற்று தின்று வந்தவர்கள் புல்லைப் பார்த்துக் கலங்கி நின்ற இடங்களிலெல்லாம் சாணியும் புழுக்கையும் விழுந்தன. புழுக்கைக்குள் கருவேலங்கொட்டை பத்திரமாக இருந்தது.

மழை வந்தது. புல்லும் வந்தது. மேய வாய் இல்லாததால் இடுப்புயரம் வளர்ந்தது, பூத்தது, விதை உதிர்த்தது, முற்றியது. முற்றிய புல் காய்ந்து மஞ்சளாகித் தன்மேலேயே சாய்ந்து படுத்துக்கொண்டது. அடியில் கிளம்பிய தளிருக்கு வெயில் கிடைக்கவில்லை. ககனேசன் மேலே ஒரு சுற்றுச் சுற்றிப் படம் பிடித்தார்.

"மஞ்சளாக இருக்கிறது," என்றார் கவலையோடு. "மஞ்சள் காமாலை."

"ஐயோ," என்றன செம்மறிகள். இரண்டு அங்கேயே அழுதுவிட்டன.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவருக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது, காமாலையைத்தான் கண்டதன்மேல் ஏற்றிவிட்டார். "ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஆங்காங்கே பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. அவை குணமாகிவரும் பகுதிகள்."

பழனாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, அது காமாலையும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க. முத்துன புல்லுங்க. எங்களை உள்ள உட்டு ஒருக்கா மேய உட்டா அடியில இருந்து தளிரு வந்துரும். பச்சையாத் தெரியறது சீமைக்கருவேலங்க. முள்ளு."

ககனேசன் கேமராவை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "என் படத்தில் முள் தெரியவில்லையே."

"கால வெச்சாத் தெரியுமுங்க."

"கால் வைத்துப் பார்ப்பது முறையான ஆய்வாகாது," என்றார் அவர். செம்மறிகள் ஆமாங்க ஆமாங்க என்றன.

வைத்தியம் தொடங்கியது. மஞ்சளை மிதித்து அகற்ற வேண்டும், பச்சையைப் பெருக்க வேண்டும். பச்சை எப்படி வந்தது என்று தலைவர் விசாரித்தபோது பார்வை நேரத்தின் பலன் தெரியவந்தது. உடனே ஒரு ஏற்பாடு செய்தார். எல்லோரும் வயிறு நிறைய நெற்று தின்ன வேண்டும். தின்றபின் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கூப்பிட்டதும், ககனேசன் இறக்கையால் காட்டுகிற இடத்துக்குப் போய் ஆகவேண்டியதைச் செய்துவிட்டு வர வேண்டும். முந்திக்கொண்டு வரிசையிலேயே செய்துவிட்டால் அது சேவையில் சேராது.

நானும் ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறேன், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறேன். இப்படி ஒரு வரிசையைக் கேள்விப்பட்டதில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வாலை இறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஏனுங், கொஞ்சம் முன்னால உடுங்க, அவசரமுங்க," என்று கெஞ்சியது ஒரு செம்மறி.

"இங்க நிக்கறவங்க எல்லாம் என்ன பொழுதுபோகாமயா நிக்கறோம்? வரிசைல வாங்கோ," என்றது முன்னால் நின்ற எருமை. அதற்கு வயதாகிவிட்டது. சொல்லி முடித்த கையோடு, "இனி எங்கையில ஒண்ணுமில்லீங்க," என்று நின்ற இடத்திலேயே முடித்துவிட்டது. சேவையில் சேராவிட்டால் என்ன, காட்டிலேயே பெரிய மரம் அந்த இடத்தில்தான் வந்தது.

கதைகளில் மரம் சீக்கிரம் வளரும். சீமைக்கருவேலம் நேரிலும் அப்படித்தான் வளர்கிறது. முழங்கால் உயரம் வந்தது, மாட்டுக் கொம்பு உயரம் வந்தது, கொம்பைத் தாண்டியது. ஒன்றின் தலை இன்னொன்றில் பின்னிக்கொண்டு நாலு பாகத்தையும் மூடியது. அடியில் மிச்சமிருந்த கொழுக்கட்டைப் புல் நிழலில் வெளுத்து ஒவ்வொன்றாகச் செத்தது. மேலேயிருந்து ககனேசன் கண்கலங்கினார். இவ்வளவு ஆரோக்கியமான புல்லை அவர் பார்த்ததே இல்லையாம்.

அந்த வாரம்தான் பழனாத்தாள் கன்று போட்டாள்.

நல்ல காளைக்கன்று, நெற்றியில் சுட்டி. எழுந்து நின்றது, தடுமாறி மடியைக் கண்டுபிடித்தது, முட்டியது. ஒரு காம்பிலும் ஒன்றும் வரவில்லை. மறுபடி முட்டியது. பழனாத்தாள் அதை நக்கிக்கொடுத்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தாள். எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. கதை சொல்ல வந்துவிட்டேன், பார்க்காமல் என்ன செய்வது.

கன்றை இழுத்துக்கொண்டு தலைவரிடம் போனாள். "அண்ணா, ஒரே ஒரு வாய்ப் புல்லு. எனக்கில்லீங்க, இதுக்கு."

சென்னியப்பனுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "அம்மிணி, காடே பச்சைப்பசேல்னு இருக்கற நேரத்துல நீ வந்து பசிக்குதுன்னு சொன்னா கேக்கறவங்க என்ன நெனப்பாங்க? விருது வேற வருது. நீயும் கன்னும் மேடையில எம் பக்கத்துல வந்து நில்லுங்க. தாயும் சேயும் நல்லா இருக்கறாங்கன்னு நாலு பேருக்குத் தெரியோணும்."

சிறந்த பசும்புல்வெளி விருது அந்த ஆண்டு அந்தக் காட்டுக்குக் கிடைத்திருந்தது. விழாவுக்குச் செம்மறிகள் குளித்துவிட்டு வந்தன. ககனேசன் அன்றைக்கு ஒருநாள் மட்டும் மரியாதைக்காகத் தரையிறங்கப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் முள், கால் வைக்க இடமில்லை. தலைவர் தலைக்குமேல் படபடவென்று அடித்துக்கொண்டே மாலையைப் போட்டார். புல்லைக் காத்தவருக்குப் பூமாலை பொருத்தமில்லை என்று, சந்தைப்பேட்டைப் பிள்ளையார் கோயில் வாசலில் வாங்கிய அருகம்புல் மாலை. தண்ணீர் தெளித்துக் கட்டியது. பச்சை வாசம் கும்மென்று அடித்தது.

சென்னியப்பன் பேச ஆரம்பித்தார். "இந்தப் பெருமை எனக்கில்லீங்க, வரிசையில நின்ன உங்க ஒவ்வொருத்தருக்கும்..."

பழனாத்தாளுக்கு அதற்குமேல் காதில் விழவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்தாள். மூக்கு தானாகத் திரும்பியது. நாக்கு தானாக நீண்டது. மாலையின் குஞ்சத்தில் ஆரம்பித்தாள். கழுத்தில் ஏதோ ஈரமாகப் பட்டதும் சென்னியப்பன், அவள் நன்றி தாங்காமல் கட்டிக்கொள்கிறாள் என்று நினைத்துக் குரலைத் தழுதழுக்கவிட்டார். செம்மறிகள் கைதட்டின. கை இல்லாததால் கால்தட்டின என்று வைத்துக்கொள்ளுங்கள். பழனாத்தாள் வலதுபக்கம் முடித்து, பின்கழுத்து வழியாக இடதுபக்கம் வந்தாள். நார் மட்டும் மிஞ்சியது. வேகத்தில் தாடியும் பாதி போயிற்று.

மடி சுரந்தது. கதை என்பதால் உடனே சுரந்தது. கன்று மேடையிலேயே, அத்தனை பேர் முன்னால், வால் துடிக்கத் துடிக்கக் குடித்தது. வாயோரத்தில் நுரை கட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்லாமல் என்ன.

ககனேசன் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தார். விசாரணை அங்கேயே நடந்தது.

"விழா நடந்த நேரத்தில் இந்தக் காட்டில் தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்த புல் எவ்வளவு?" என்று கேட்டார். எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள்.

"மாலைல இருந்துதுதானுங்க," என்றது ஒரு செம்மறி.

"அது இப்போது எங்கே?"

எல்லோரும் பழனாத்தாளைப் பார்த்தார்கள். அவள் அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆக, இந்தக் காட்டில் இருந்த புல் முழுவதையும் ஒரே மாடு ஒரே வேளையில் மேய்ந்து அழித்திருக்கிறது," என்றார் ககனேசன். "இப்படி ஒரு கொடிய மேய்ச்சலை நான் எந்த உயரத்திலிருந்தும் கண்டதில்லை."

"ஏனம்மிணி, இதுக்கு என்ன சொல்றே?" என்றார் சென்னியப்பன், மிச்சத் தாடியைத் தடவியபடி.

"நல்லா இருந்துதுங்க," என்றாள் பழனாத்தாள்.

தீர்ப்பு வந்தது. கன்றோடு வேலிக்கு வெளியே துரத்த வேண்டும். வண்டித்தடத்துக்கு அப்பால் இருந்த, யாரும் கண்டுகொள்ளாத புறம்போக்குக்கு. இனி உள்ளே வரக்கூடாது. பாவம், கன்றுக்குட்டி வேறு, வெளியே என்ன கதியாகுமோ என்று செம்மறிகள் மூக்கை உறிஞ்சின.

கொஞ்ச நாள் கழித்து உண்ணிக்கொக்கு ஒன்று சேதி கொண்டுவந்தது. அந்தப் புறம்போக்கில் எப்போதாவது ஊர் ஊராகப் போகிற கிடை ஆட்டு மந்தை ஒன்று வருமாம். ஒரு மூலையில் மேய்ந்துவிட்டு அடுத்த ஊர் போய்விடுமாம். அது திரும்பி வருவதற்குள் அந்த மூலையில் புல் முழங்கால் உயரம் வந்துவிடுமாம். நிபுணர் கிடையாது, தலைவர் கிடையாது, விருது கிடையாது. யாரும் காப்பாற்றாத காரணத்தால் நிலம் நன்றாக இருந்தது. பழனாத்தாள் பளபளவென்று ஆகிவிட்டாள். கன்று கொக்கைத் துரத்தி விளையாடுகிறதாம்.

அன்றைக்கே காடு மொத்தமும் தலைவர் முன்னால் திரண்டது. "எங்களையும் தொரத்துங்க!"

"எப்படித் தொரத்தறது? நீங்கெல்லாம் ஒரு தப்பும் பண்ணலியே," என்றார் சென்னியப்பன்.

வேலியைத் தாண்டிப் போய்விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அனுமதியில்லாமல் போவது குற்றம், அதற்குத் தண்டனை உள்ளேயே வைத்திருப்பது. துரத்தப்பட வேண்டுமானால் புல்லைத் தின்றிருக்க வேண்டும். தின்னப் புல் இல்லை. ஒரு செம்மறி முள்ளைத் தின்றுவிட்டு வாயெல்லாம் ரத்தமாக வந்து, "நான் புல்லு தின்னுபோட்டனுங்க," என்று குற்றத்தை ஒப்புக்கொண்டது. ககனேசன் படத்தைப் பார்த்துப் பொய் வாக்குமூலம் என்று தள்ளிவிட்டார். வந்தால் விருது மாலையில்தான் புல் வரும். மாலை வர வேண்டுமானால் மறுபடி விருது வர வேண்டும். ஒருமுறை வாங்கிய காட்டுக்கு மறுமுறை கிடைக்க வேண்டுமானால், முன்னைவிடப் பச்சையாக இருக்க வேண்டும் என்று ககனேசன் மேலிருந்து சொல்லிவிட்டார்.

இப்போது போய்ப் பாருங்கள், வரிசை வேலியைச் சுற்றி நிற்கிறது. யாரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அவரவர் ஆர்வத்தோடு நெற்று தின்கிறார்கள், அவசரமில்லாதவர்கள்கூட டோக்கன் வாங்குகிறார்கள். தலைவரும் வரிசையில்தான் நிற்கிறார், எல்லோருக்கும் முன்னால். அவருக்குள்ள கவலை வேறு. மாலை விழப்போவது அவர் கழுத்தில். துரத்தப்பட வேண்டுமானால் அவரும் தன் கழுத்து மாலையைத் தானே தின்ன வேண்டுமே. அதற்காகக் காலையிலும் மாலையிலும் கழுத்தை வளைத்து, நாக்கை நீட்டி, தன் தோளைத் தானே நக்கிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

நீதி: புல் தின்ன ஆசையிருந்தால், முதலில் புல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் காப்பாற்று, மாலை தானாகக் கழுத்துக்கு வரும்.